முதல் தளபதி ஒரு தமிழர், அதன் பின்னர்?

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில், புத்தளம் நகரை அடைவதற்குச் சற்று முன்னர் வருவது பாலாவிச் சந்தி. கற்பிட்டிக் குடாநாட்டுக்கான வீதி பிரிவதும் இங்கிருந்துதான். சீமெந்துத் தொழிற்சாலையும் விமானப்படைத் தளமும் இவ்வூரின் அடையாளங்கள். ஆனால் வடபுல முஸ்லிம்களுக்கு இப்பெயர் வேறொன்றை நினைவூட்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து முற்றாக வெளியேற்றப்பட்ட அம்மக்களிற் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்த இடம் புத்தளம் மாவட்டமாகும். பாலாவியின் சுற்றுவட்டத்தில் ஓலைக் குடிசைகளாகத் தொடங்கிய அகதி வாழ்க்கை, இன்று ஒரு தலைமுறையைக் கடந்து நிற்கின்றது.

அண்மையில் அப்பகுதிக்குச் சென்றிருந்த வேளை, யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த அவரது பேரன், இராணுவத்திற்குக் கெடட் உத்தியோகத்தர்களைச் சேர்த்துக்கொள்வது பற்றிய பத்திரிகை விளம்பரம் ஒன்றை வெட்டி வைத்திருக்கிறானாம். வீட்டில் எவருக்கும் அது உவப்பானதாக இல்லை. அவர் எம்மிடம் கேட்டது இதைத்தான்: "தம்பி, தமிழ் பேசுற ஆக்கள் ஆராவது அதில மேலுக்கு வந்திருக்கிறாங்களா? இல்லாட்டி, இவன் போய்க் கடைசி வரைக்கும் கீழதான் நிக்க வேணுமா?"

இலங்கை இராணுவத்துக்குத் தலைமை தாங்கிய முதலாவது இலங்கையரே ஒரு தமிழர்தான் என்று நாம் கூறியபோது, ஆசிரியர் நம்ப மறுத்தார். பேரன் எம்மை ஏளனமாகப் பார்த்தான். அவர்கள் மீது பிழையில்லை. அன்ரன் முத்துக்குமாரு என்னும் பெயர் இன்று பெரும்பாலான தமிழருக்கும் தெரியாது, முஸ்லிம்களுக்கும் தெரியாது, சிங்களவருக்கும் தெரியாது. ஒரு நாட்டின் படைத்துறை வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் இடம்பெற வேண்டிய ஒருவர் எவ்வாறு மறக்கப்பட்டார் என்பதை ஆராய்ந்தால், அந்நாடு எங்கே வழி தவறியது என்பதும் புலப்படும்.

சட்டத்தரணி படைவீரரான கதை

1908 ஜூலை 6 ஆம் திகதி பிறந்த முத்துக்குமாரு, கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் கற்றவர். பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் பட்டம் பெற்று, இலண்டனில் பாரிஸ்டராகவும் தகுதி பெற்றார். வசதியான சட்டத்தொழில் அவருக்காகக் காத்திருந்தது. எனினும் 1934 இல், அன்றைய இலங்கைப் பாதுகாப்புப் படையின் ஓர் அங்கமான இலேசாயுத காலாட்படையில் இரண்டாம் லெப்டினன்டாக அவர் இணைந்துகொண்டார்.

அக்காலப் பாதுகாப்புப் படை இன்றைய இராணுவத்தைப் போன்றதன்று. அது பெரும்பாலும் தொண்டர் படையாகவே இருந்தது. தத்தமது தொழில்களைச் செய்துகொண்டே பயிற்சிக்கு வந்தவர்கள்தான் அதன் உத்தியோகத்தர்கள். 1939 இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் நிலைமை மாறியது. தொண்டர்கள் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டனர். இதே புத்தளம் கரையோரத்திலும் பிரித்தானியக் கடற்படை விமான ஓடுதளம் ஒன்றை அமைத்தது. அங்கு விமானங்களை யானைகள் இழுத்துச் செல்லும் காட்சியைக் காட்டும் அக்காலப் புகைப்படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. சீருடையைப் பொழுதுபோக்காக அணிந்த ஒரு தலைமுறை, அதனைத் தொழிலாக ஏற்றுக்கொண்ட காலம் அது. முத்துக்குமாருவும் அவர்களுள் ஒருவர்.

1948 இல் நாடு சுதந்திரம் பெற்றது. 1949 இல் இராணுவச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபர் 10 ஆம் திகதி இலங்கை இராணுவம் முறைப்படி உதயமானது. அதனைக் கட்டியெழுப்பும் பொறுப்பு முதலில் பிரித்தானியரிடமே ஒப்படைக்கப்பட்டது. கெய்த்னஸ் பிரபு முதலாவது தளபதியாகவும், அவரைத் தொடர்ந்து 1952 முதல் பிரிகேடியர் பிரான்சிஸ் றீட் இரண்டாவது தளபதியாகவும் பதவி வகித்தனர். ஆனால் புதிய இராணுவத்தின் முதலாவது நிரந்தரக் காலாட்படை அணியான இலேசாயுத காலாட்படையின் முதலாவது பட்டாலியனுக்குக் கட்டளை அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் முத்துக்குமாரு. தளபதி பதவி சுதேசி ஒருவருக்குக் கைமாறும் நாள் வரும்போது அது யாரைச் சென்றடையும் என்பது அப்போதே ஓரளவுக்குத் தெரிந்திருந்தது எனலாம்.

அந்த நாள் 1955 பெப்ரவரி 9 ஆம் திகதி வந்தது. அப்போது அவருக்கு வயது 46. பிரதமராக இருந்தவர் சேர் ஜோன் கொத்தலாவல. அவரும் இலேசாயுத காலாட்படையின் முன்னாள் உத்தியோகத்தரே. சிங்களப் பிரதமர் ஒருவரின் ஆட்சியில் தமிழர் ஒருவர் இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டமை அன்று எவருக்கும் விந்தையாகத் தோன்றவில்லை. இன்று அது விந்தையாகத் தோன்றுகின்றது என்பதே நாம் கவனிக்க வேண்டிய விடயமாகும்.

1958: தளபதியின் பரீட்சை

முத்துக்குமாரு தளபதியாக இருந்த ஐந்து ஆண்டுகளும் அமைதியான ஆண்டுகள் அல்ல. 1956 இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தனிச்சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஜூன் மாதத்தில் கல்லோயாவில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். 1957 இல் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியரிடமிருந்து இலங்கையிடம் கையளிக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் நாட்டைப் பெருவெள்ளம் சூழ்ந்தது.

1958 மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. பொலன்னறுவையில் தொடங்கிய வன்செயல் சில நாட்களுள் கொழும்பு வரை பரவியது. பல நாட்கள் தயங்கிய அரசாங்கம் மே 27 ஆம் திகதியே அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலகவின் நேரடிக் கண்காணிப்பில் இராணுவம் வீதியில் இறக்கப்பட்டது. கலகக் கும்பல்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டு, ஒழுங்கு படிப்படியாக நிலைநாட்டப்பட்டது. கொழும்பில் அகதி முகாம்களில் தங்கியிருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பல்கள் மூலம் வடக்கிற்கு அனுப்பப்பட்டனர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை அழுத்திக் கூற வேண்டும். தமிழர்களைத் தாக்கிய கும்பல்களை அடக்குமாறு கட்டளையிடப்பட்ட அந்த இராணுவத்தின் தளபதி ஒரு தமிழர். அதன் சிப்பாய்களிற் பெரும்பாலானோர் சிங்களவர். அவர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தனர். தளபதி தமிழர் என்பதால் அவர் பக்கம் சாய்ந்து விட்டார் என்று அரசாங்கம் அவரை நீக்கவில்லை. 1959 செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்கா சுட்டுக் கொல்லப்பட்டு, நாடு அதிர்ச்சியில் உறைந்திருந்தபோதும் இராணுவத்தின் தலைமையில் அவரே இருந்தார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்றார்.

அதன் பின்னரும் அவரது சேவையை நாடு பயன்படுத்திக்கொண்டது. பாகிஸ்தானிலும் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உயர்ஸ்தானிகராகவும், எகிப்தில் தூதுவராகவும் அவர் கடமையாற்றினார். இலங்கையின் படைத்துறை வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதினார். தேசமான்ய விருது பெற்ற அவர், 2001 ஜூனில் தமது 92 ஆவது வயதில் காலமானார். அவர் தலைமை தாங்கிய இராணுவத்துக்கும் அவர் பிறந்த இனத்திலிருந்து எழுந்த ஆயுத இயக்கத்துக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகளாகப் போர் நடந்துகொண்டிருந்த வேளை அது.

கதவு மூடப்பட்ட விதம்

முத்துக்குமாருவின் காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பது எமது நோக்கமன்று. அக்கால உத்தியோகத்தர் குழாம் ஆங்கிலம் கற்ற, நகரத்து, வசதி படைத்த வகுப்பினரின் கழகமாகவே இருந்தது. கிறிஸ்தவர்களும் பறங்கியரும் தமிழரும் அதில் தமது சனத்தொகை விகிதத்தை விஞ்சிய இடத்தைப் பெற்றிருந்தனர். கிராமத்துச் சிங்கள பௌத்த இளைஞனுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. புத்தளத்து முஸ்லிம் மீனவரின் மகனுக்கோ மலையகத் தோட்டத் தொழிலாளியின் மகனுக்கோ அது கனவிலும் எட்டாதது. ஆகவே, இந்நிலை மாற வேண்டும் என்று கிராமத்துச் சிங்களவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கதவை அகலத் திறந்து அனைவரையும் உள்வாங்கியிருந்தால் அந்த நியாயம் நிறைவேறியிருக்கும். நடந்ததோ வேறு. ஒரு சாராருக்காகக் கதவு திறக்கப்பட்டது. அதே வேளை மறுசாராருக்கு அது மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது.

அதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, மொழி. 1956 இன் சட்டம் அரச சேவை முழுவதையும் சிங்களத்தின் பக்கம் திருப்பியது. தமிழ் மொழியில் கற்ற ஒருவருக்கு அரச உத்தியோகம் என்பதே தடைத்தாண்டல் ஓட்டமாக மாறியபோது, இராணுவம் மட்டும் விதிவிலக்காக இருக்க முடியாது.

இரண்டாவது, 1961. மொழிச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணத்தில் நடத்திய சத்தியாக்கிரகத்தை முறியடிக்க, ஏப்ரல் மாதத்தில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் இராணுவம் அனுப்பப்பட்டது. கச்சேரி வாயிலில் அகிம்சை வழியில் அமர்ந்திருந்தவர்கள் அகற்றப்பட்டனர். தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். 1958 இல் தம்மைக் காக்க வந்த அதே சீருடையை, மூன்றே ஆண்டுகளில் தம்மை அடக்க வந்த சீருடையாகத் தமிழர் கண்டனர்.

மூன்றாவது, 1962. அவ்வாண்டு ஜனவரி 27 ஆம் திகதி, இராணுவம், பொலிஸ், கடற்படை ஆகியவற்றைச் சேர்ந்த உயர் அதிகாரிகள் சிலர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் தீட்டிய சதி இறுதி வேளையில் அம்பலமானது. அவர்களுள் சிங்களவர், தமிழர், பறங்கியர் எனப் பல இனத்தவரும் இருந்தனர், பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். இவர்களைத் தண்டிக்கவெனப் பின்னோக்கிச் செல்லுபடியாகும் சட்டம் ஒன்றே இயற்றப்பட்டது. 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1965 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் அச்சட்டம் செல்லாது எனக் கூறி அனைவரையும் விடுவித்தது. எனினும் அரசியல் விளைவை எந்த நீதிமன்றத்தாலும் மாற்ற முடியவில்லை. சிறுபான்மையினர் கைகளில் துப்பாக்கி இருப்பது ஆபத்து என்னும் ஐயம் ஆட்சியாளர் மனத்தில் வேரூன்றியது. அதன் பின்னர் உத்தியோகத்தர் குழாம் விரைவாகச் சிங்கள பௌத்த மயமானது.

படையணிகளின் பெயர்களும் இம்மாற்றத்தைப் பேசுகின்றன. 1956 இல் சிங்கப் படையணி, 1962 இல் கெமுனு, 1983 இல் கஜபா, பின்னர் விஜயபாகு. இவை யாவும் சிங்கள வரலாற்றின் பெயர்கள். அவ்வரலாறு இந்நாட்டின் வரலாறே. அதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் இந்நாட்டின் ஏனைய மக்களின் வரலாற்றிலிருந்து ஒரு பெயரேனும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. பிரித்தானியர் காலத்தில் பெரும்பாலும் மலாயரைக் கொண்டிருந்த இலங்கை றைபிள் படையணியும் 1870 களிலேயே கலைக்கப்பட்டுவிட்டது.

இருபதாண்டுக் கணக்கு

இங்கு வாசகர்கள் ஒரு கணக்கைக் கருத்திற் கொள்ள வேண்டும். இராணுவத்தில் உயர் பதவிக்கு வெளியிலிருந்து எவரையும் கொண்டுவந்து அமர்த்த முடியாது. வங்கி ஒன்றுக்குத் தலைவரையோ அமைச்சு ஒன்றுக்குச் செயலாளரையோ நினைத்தவுடன் நியமித்துவிடலாம். இராணுவத்தில் அது நடவாது. இரண்டாம் லெப்டினன்டாகத் தொடங்கி, கப்டன், மேஜர், லெப்டினன்ட் கேணல், கேணல், பிரிகேடியர் என ஒவ்வொரு படியிலும் ஆண்டுக்கணக்கில் நின்று, பயிற்சி நெறிகளை முடித்து, பட்டாலியன்களுக்குக் கட்டளையிட்ட பின்னரே ஒருவர் ஜெனரலாக முடியும். முத்துக்குமாருவுக்கு 1934 இலிருந்து 1955 வரை 21 ஆண்டுகள் தேவைப்பட்டன. இன்று அதனிலும் கூடுதலான காலம் தேவை.

ஆகவே, சேர்த்துக்கொள்ளலில் இன்று இழைக்கப்படும் தவறு இன்றே வெளியே தெரிவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் உயர்ந்துகொண்டே போவார்கள். எல்லாம் சரியாக இருப்பது போன்ற தோற்றம் நிலவும். தமிழரான ராஜன் கதிர்காமர் 1970 வரை கடற்படைத் தளபதியாக இருந்தார், பறங்கியரான பி.ஆர். ஹெய்ன் 1966 இல் இராணுவத் தளபதியானார். இவர்களைக் காட்டி, பாகுபாடு எதுவும் இல்லை என்று அன்று வாதிடுவது எளிதாக இருந்தது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதற்கு இளையவர்கள் இருக்கவில்லை.

1962 ஐ அடுத்து வந்த ஆண்டுகளில் சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்க வேண்டிய தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் எந்த ஆண்டில் கேணல்களாகவும் பிரிகேடியர்களாகவும் ஆகியிருப்பார்கள்? ஏறத்தாழ 1983 இல்! அவ்வாண்டு ஜூலை 23 ஆம் திகதி திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டு, அதனைத் தொடர்ந்து நாடெங்கும் தமிழர் வேட்டையாடப்பட்டபோது, இராணுவத் தலைமையகத்தின் மேசையில் அமர்ந்து "இது என் மக்களும்கூட" என்று கூறக்கூடிய குரல்கள் போதிய அளவில் இருக்கவில்லை. 1958 இல் இருந்தது 1983 இல் இருக்கவில்லை. அவ்விரு கலவரங்களின் போதும் படையினர் நடந்துகொண்ட விதத்தில் இருந்த வேறுபாட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் இதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. 1959 டிசம்பருக்குப் பின்னர் இன்றுவரை தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இலங்கை இராணுவத் தளபதியாகவில்லை.

தனிமனிதத் தியாகம் போதுமா?

இக்கதவு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மூடப்பட்டதன்று. போர்க் காலத்தில் படைகளிலோ பொலிஸிலோ சேர்ந்த தமிழர்களைத் துரோகிகள் என முத்திரை குத்திக் கொன்றவர்கள் தமிழ் ஆயுத இயக்கத்தினர். 1990 இல் வடக்கு முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் விரட்டியவர்களும் விடுதலைப் புலிகளே. அரசு ஐயத்தோடு பார்த்தது. ஆயுதம் ஏந்தியோர் அச்சுறுத்தினர். இரண்டுக்கும் இடையே அகப்பட்ட சாதாரணக் குடும்பங்கள் தமது பிள்ளைகளைச் சீருடையிலிருந்து தூர வைத்துக்கொண்டன.

அவ்வாறிருந்தும் சிலர் சென்றனர். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் தாக்கப்பட்டபோது, அதனை மீட்க வான்வழி அனுப்பப்பட்ட விசேட படையணியின் கட்டளை அதிகாரி பஸ்லி லாபீர் ஒரு முஸ்லிம். போர்க்களத்தில் உயிரிழந்த அவர், மரணத்தின் பின்னர் கேணலாகத் தரமுயர்த்தப்பட்டு, நாட்டின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணயவால் கௌரவிக்கப்பட்டார். இராணுவப் புலனாய்வுப் பிரிவில் முக்கிய பொறுப்பில் இருந்த துவான் நிசாம் முத்தலிப், 2005 மே 31 ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மலாய் முஸ்லிம்.

ஆயினும் இத்தகைய தனிமனிதத் தியாகங்கள் ஒரு சமூகத்துக்கு நிறுவனரீதியான நம்பிக்கையைப் பெற்றுத்தருவதில்லை. 2014 இல் அளுத்கமையிலும், 2018 இல் கண்டி திகனவிலும், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்து மே மாதத்தில் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். பாதுகாப்புப் பிரிவினர் பார்த்துக்கொண்டு நின்றனர் என்ற முறைப்பாடுகள் அப்போது எழுந்தன. பாலாவி மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. தமது மாவட்டத்திலேயே நடந்தது. லாபீரின் வீரத்தை மேடைகளிற் புகழ்வோர், வீதியில் முஸ்லிம்களின் பாதுகாப்பை உறுதிப்படுத்துவது பற்றியும் சிந்திக்க வேண்டும்.

அயலில் ஒரு பாடம்

எமது அயல் நாடான இந்தியாவை நோக்குவோம். 1965 இல் தமிழகம் இந்தித் திணிப்புக்கு எதிராகக் கொந்தளித்தது. தீக்குளிப்புகளும் துப்பாக்கிச் சூடுகளும் நிகழ்ந்தன. மறு ஆண்டே, 1966 இல், கொங்குநாட்டைச் சேர்ந்த தமிழரான ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியானார். ஒரு மாநிலம் மொழிக்காகப் போராடியது என்பதற்காக, அம்மாநிலத்தவர் ஒருவரின் விசுவாசம் ஐயத்துக்கு உட்படுத்தப்படவில்லை. 1986 இல் செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜியும், 2000 இல் ஜெனரல் பத்மநாபனும் அதே பதவியை அடைந்தனர். சுந்தர்ஜியின் காலத்திலேயே இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்கு வந்தது என்பதும், அப்படையினர் மீது எமது மக்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளும் நினைவில் இருக்க வேண்டியவை. தளபதி தமிழர் என்பதால் மட்டும் தமிழர் நலன் காக்கப்பட்டுவிடும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

இந்தியப் பிரிவினையின் போது, பாகிஸ்தான் செல்லும் வாய்ப்பை மறுத்து இந்தியாவிலேயே தங்கிய பிரிகேடியர் முகம்மது உஸ்மான் 1948 இல் காஷ்மீர்ப் போர்முனையில் வீரமரணம் எய்தினார். 1978 இல் இத்ரிஸ் ஹசன் லத்தீப் இந்திய விமானப்படையின் தளபதியானார். இந்தியாவில் பாகுபாடு இல்லை என்று நாம் கூறவில்லை. அதன் படைகளில் முஸ்லிம்களின் தொகை குறைவு என்ற விமர்சனம் அங்கும் உண்டு. ஆனால் உச்சிக்குச் செல்லும் ஏணி அங்கே வெளிப்படையாக அகற்றப்படவில்லை.

செய்ய வேண்டியவை

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. 2012 இன் இறுதியில் கிளிநொச்சியில் நூறளவிலான தமிழ்ப் பெண்கள் இராணுவத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டபோது, வறுமையும் நிர்ப்பந்தமுமே அவர்களை அங்கே அனுப்பின என்ற ஐயம் எழுந்தது. அடிமட்டத்தில் ஆட்களைச் சேர்த்துப் புகைப்படம் எடுப்பது பன்மைத்துவம் ஆகாது. கேள்வி, உத்தியோகத்தர் பயிற்சிக்கு யார் செல்கின்றனர், அவர்கள் எதுவரை உயர்கின்றனர் என்பதே.

காணாமற்போன தமது பிள்ளைகள் பற்றிய உண்மையைக் கேட்டு வீதியோரங்களில் அமர்ந்த தாய்மாரிடம் சென்று, எஞ்சிய பிள்ளையை இராணுவத்துக்கு அனுப்புங்கள் என்று எவரும் கூற முடியாது. படையினர் வசமிருந்த காணிகள் முழுமையாகக் கையளிக்கப்படுவதும், நடந்தவற்றுக்குப் பொறுப்புக் கூறப்படுவதும் முதற்படிகள். அவை நிறைவேறாதவரை தமிழ்க் கிராமங்களில் இராணுவ முகாம் என்பது அந்நியமாகவே நோக்கப்படும். அதே வேளை, அவை நிறைவேறும் வரை வேறெதையும் செய்ய முடியாது என்று அரசாங்கம் கைகட்டி நிற்கவும் கூடாது.

தமிழ் மொழி 1987 இன் 13 ஆவது திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாக்கப்பட்டது. எனவே, கெடட் உத்தியோகத்தர் விண்ணப்பம், நேர்முகப் பரீட்சை, ஆரம்பப் பயிற்சி ஆகியவற்றைத் தமிழிலும் எதிர்கொள்ள வழி இருக்க வேண்டும். தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் மாணவர் படையணிகள் ஊக்குவிக்கப்பட வேண்டும். தியத்தலாவைப் பயிற்சிக் கழகத்திலும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் சேர்கின்றனர், எத்தனை பேர் இடையில் விலகுகின்றனர் என்ற விபரம் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட வேண்டும். எண்ணிக்கை வெளிச்சத்துக்கு வந்தாலே பாதிக் குறை நீங்கிவிடும். அத்தோடு, முதலாவது இலங்கைத் தளபதி யார் என்பது எமது பாடசாலை வரலாற்று நூல்களில் மும்மொழிகளிலும் இடம்பெற வேண்டும். அதற்குப் பணமும் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை.

பாலாவியில் அந்த ஆசிரியரின் பேரனுக்கு, இராணுவத்திற் சேர் என்றோ சேராதே என்றோ நாம் கூறவில்லை. அது அவனும் அவனது குடும்பத்தவரும் தீர்மானிக்க வேண்டியது. நாம் கூறியது ஒரு கணக்கை மட்டுமே. இன்று 19 வயதில் உள்ளே செல்லும் ஒருவன், தகுதியும் வாய்ப்பும் சேர்ந்தால், உயர் பதவியை எட்டும்போது 2050 ஆம் ஆண்டு கடந்துவிட்டிருக்கும். நாம் அப்போது இருக்கமாட்டோம். அந்த இராணுவம் யாரைத் தன் மக்களாகக் கருதும் என்பது, அந்த விளம்பரத்தைப் பார்த்து எந்தெந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் விண்ணப்பிக்கத் துணிகின்றனர், அவர்களை நேர்முகப் பரீட்சை மேசையின் மறுபக்கத்தில் இருப்போர் எவ்வாறு வரவேற்கின்றனர் என்பதைப் பொறுத்து இப்போதே தீர்மானிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றது.

நாம் விடைபெற்றபோது, அந்த இளைஞன் முத்துக்குமாருவின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருமாறு கேட்டான். எழுதிக் கொடுத்தோம். அதனை அவன் அந்த விளம்பரத்துடன் சேர்த்து மடித்து வைத்துக்கொண்டான்.